பெரியவளுக்கு உடம்பு சரியில்லை

"நேத்து விக்கி விக்கியாவது ஓடுச்சு. இன்னிக்கு இருமக்கூட மாட்டேங்குது" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகணுமா சார்?"

"ஆமாப்பா. வாங்குறவர் வந்துடுவார். ஸ்டார்ட் ஆனா இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிடுறேன்னு சொல்லியிருக்கார்."

அந்த வீட்டில் காருக்குப் பெரியவள் என்று பேர். மகள் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதால், மகள் சின்னவள் ஆகிப்போனாள். அந்தச் சின்னவள்தான் போன் செய்து, "பழசைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க" என்று ஆரம்பித்து வைத்தவள். 'அவருக்குச் சரின்னா எனக்கும் சரி' என்றார் அம்மா. 'அவளுக்குச் சரின்னா எனக்கும் சரி' என்றார் அப்பா. இரண்டு சரி சேர்ந்ததும் விற்பது என்று முடிவாகிவிட்டது.

ஷெட்டின் தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. உண்ட மயக்கம் வருகிற நேரம். டிரைவர் சீட்டில் வீட்டுக்காரம்மா, இடது கையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி, பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தார். பழைய சீட்டு வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஈரக்காற்றும் கலந்து, வண்டி நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருப்பது போல் இருந்தது. மெக்கானிக்குக்கே கொட்டாவி வந்தது.

"செல்ஃப் அடிங்கம்மா."

அவர் சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை.

"சின்னவளுக்குப் பல் முளைச்சப்ப ராத்திரி பூரா அழுவா" என்றார் அம்மா, தூக்கத்தில் பேசுகிற குரலில். "இதுல தூக்கிப் போட்டு ஒரு சுத்து சுத்தினாத்தான் தூங்குவா. அவ தூங்கின பிறகும் நாங்க வீட்டுக்குத் திரும்ப மாட்டோம். சும்மா போய்க்கிட்டே இருப்போம்."

"தூக்கம் கெட்டதுதான் மிச்சம்" என்றார் வீட்டுக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இது போனா நிம்மதி."

"எனக்கும் நிம்மதிதான்" என்றார் அம்மா சட்டென்று.

இரண்டு பேர் முகத்திலும் நிம்மதியைத் தேடிப் பார்த்தார் மெக்கானிக். மருந்துக்குக்கூட இல்லை. அவருக்கும் மனசு கனத்தது. எத்தனை வருஷமாகக் கை வைத்த வண்டி! ஆனால் வேலை என்று வந்துவிட்டால் வேலைதானே. குனிந்து பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"அட! ரெண்டு ஒயரை இடம் மாத்திச் சொருகியிருக்கே. பின்ன நேத்து விக்காம என்ன பண்ணும்? யார் கை வச்சது?"

"எலியா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"எலி ஒயரைக் கடிக்கும் சார். கழட்டி மாத்திச் சொருகாது."

வீட்டுக்காரர் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். மெக்கானிக் ஒயர்களைச் சரியான இடத்தில் மாட்டினார்.

"இப்ப அடிங்கம்மா."

சுற்றியது. பிடிக்கவில்லை.

"இப்ப ஓடணுமே!" வீட்டுக்காரர் நிஜமாகவே குழம்பிப்போய்ப் பானெட்டுக்குள் தலையை நீட்டினார்.

"ஒயர் மாறினா விக்கும் சார், அவ்வளவுதான். இங்க பிளக்குக்குக் கரண்டே வரல." மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "ரோட்டாரைக் காணோம்."

"என்னது?"

"கட்டைவிரல் அளவு சாமான் சார். உள்ள சுத்திச் சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு விடுமே, அது. ஊருக்குப் போறப்ப அதைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க, திருடன் தலைகீழா நின்னாலும் வண்டி நகராதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?" மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். "அது தானா கழண்டு விழாது. இதையும் அந்த எலிதான் எடுத்திருக்கணும்."

"ஐயையோ, நான் ஒயரை மட்டும்தான் மாத்தினேன்! ரோட்டாரைத் தொடவே இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று வீட்டுக்காரருக்கு உறைத்தது. குற்றவாளி போலத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அம்மாவின் கண்கள் இப்போது முழுதாகத் திறந்திருந்தன, நிறைந்தும் இருந்தன.

"நீங்களுமாங்க?" என்றபடி அவர் கைக்குட்டையை மெல்லப் பிரித்தார். உள்ளே, இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த சூடு ஆறாமல், ரோட்டார் இருந்தது.