வருகை: நூற்றுப் பதினெட்டு

"துப்பாக்கியோட உள்ள விட மாட்டேன் சார். நீங்க யாரா இருந்தாலும் சரி."

பள்ளி வராந்தாவில் குறுக்கே நின்றுகொண்டு பெரிய டீச்சர் சொன்னார். ஆள் ஐந்தடிகூட இல்லை. எதிரே நின்ற ராணுவ அதிகாரி வாசல் நிலை இடிக்கும் உயரம்.

"நான் சண்டைக்கு வரலைங்க. எண்ணிப் பார்க்க வந்திருக்கேன்" என்றார் அதிகாரி. "உத்தரவு உங்களுக்கும் தெரியும். நூறு பிள்ளைங்களுக்கு மேல படிச்சா கட்டடத்தைத் தொட மாட்டோம். குறைஞ்சா, நாளைக்கு எங்க ஆளுங்க இங்க தங்கிடுவாங்க."

தெரியாமலா? பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரே மாதம்தான் படை தங்கியது. எதிர்த்தரப்பு அதைக் குறிவைத்து அடித்ததில் இப்போது அங்கே கரும்பலகை மாட்டிய சுவர் ஒன்றுதான் மிச்சம். அதை நினைத்து நினைத்தே பெரிய டீச்சர் இந்த ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தார்.

முதல் வகுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறு வாண்டுகள். எல்லாம் பள்ளி வளாகத்திலேயே குடியிருக்கும் டீச்சர்களின் பிள்ளைகள். பல் விழுந்த ஒரு பெண் எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதிகாரியை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, பென்சில் சீவுற பிளேடே இங்க கொண்டு வரக் கூடாது. நீங்க இதைப் போய்க் கொண்டு வந்திருக்கீங்க!"

அதிகாரி ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு வாசலுக்குப் போய், வண்டி ஓட்டி வந்தவனிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெரிய டீச்சருக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப் போனது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"இங்க ஆறு. மீதி?"

"மீதி அஞ்சு ரூம்ல இருக்காங்க. வாய்ப்பாடு நேரம். காதுல விழலையா?"

விழாமல் என்ன? குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி போன ஜன்னல்களுக்கெல்லாம் அட்டை அடித்திருந்தது. அட்டையையும் மூடிய கதவுகளையும் மீறி வாய்ப்பாடு தெருவரைக்கும் கேட்டது. அதிகாரி இரண்டாம் வகுப்புக் கதவில் கை வைத்தார்.

"வேண்டாம் சார்!" பெரிய டீச்சர் பதறினார். "போன மாசம் குண்டு விழுந்ததிலேர்ந்து, கதவைப் படார்னு திறந்தாலே பிள்ளைங்க பெஞ்சுக்கு அடியில ஓடிடுதுங்க. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித்தான் வெளியே கொண்டு வரணும். நானே தட்டிட்டுத்தான் போறேன்."

அது நிஜம். அதிகாரி கையை எடுத்துக்கொண்டார்.

"குரல் கொஞ்சம் கட்டையா இருக்கே?"

"எல்லாருக்கும் ஜலதோஷம் சார். ஒருத்தருக்கு வந்தா ஸ்கூலுக்கே வரும்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். மூன்றாம் வகுப்பை நெருங்கும்போது ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் "ஐம்பத்தாறு" என்ற இடத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் "ஐம்பத்து நாலு" என்று தனியாக ஒலித்தது.

பெரிய டீச்சருக்கு வந்த ஆபத்தெல்லாம் மறந்து போனது. அட்டையில் மடார் மடாரென்று தட்டினார். "யாரது ஐம்பத்து நாலு? ஏழெட்டு எவ்வளவு?"

உள்ளே வாய்ப்பாடு சட்டென்று நின்றது.

"ஐம்பத்தாறு! பத்துத் தடவை எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும், சொல்லிட்டேன்."

"பாவம், விட்டுடுங்க" என்று அதிகாரி சிரித்தார். "எனக்கும் அந்த இடம் தடுமாறும். என் பொண்ணு இருந்தா சொல்லிக் குடுப்பா. எங்க ஊர்ல ஸ்கூல் மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. அவளும் மறந்திருப்பா."

பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தன் படிவத்தில், 'வருகை: நூற்றுப் பதினெட்டு. பள்ளி நடக்கிறது. கட்டடம் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தார்.

காகிதத்தை வாங்கிய பிறகுதான் பெரிய டீச்சருக்கு மூச்சே வந்தது. "நல்லா இருங்க தம்பி" என்றார். சார் எப்போது தம்பியானார் என்று அவருக்கே தெரியாது.

வாசற்படி வரைக்கும் போன அதிகாரி திரும்பினார்.

"டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை எங்க மேலதிகாரி வர்றார். அவர் தட்ட மாட்டார். ஒவ்வொரு கதவையும் திறந்து பார்ப்பார்."

பெரிய டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில ஏழு மணியிலேர்ந்து நான் தெருமுனையிலதான் நின்னுட்டு இருந்தேன்" என்றார் அதிகாரி மெதுவாக. "புத்தகப் பையோட ஒரு பிள்ளைகூட வரலை. ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், முடிவெட்டுறவர், கைவேலையைப் போட்டுட்டு வந்த அம்மாக்கள்னு பெரியவங்கதான் ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க. வெள்ளிக்கிழமை அவங்களை வேலைக்குப் போகச் சொல்லிட்டு, பயந்து வீட்டுலயே வச்சிருக்கிற பிள்ளைங்களை அனுப்பச் சொல்லுங்க. வழியில ஒரு துப்பாக்கிகூட நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு."