வெறுங்கை

நிவித்திகல ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இராஜம், இருபது வருசமாக விறகு சுமந்த காட்டுக்குள் இன்றைக்குத்தான் வெறுங்கையோடு உலாவ வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஓடையில் சில்லுச் சில்லாக மினுங்குகிறது. பாதையில் கிடக்கும் காய்ந்த கொப்பைக் கை தானாக எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறது. விழுந்த கொப்பெல்லாம் பூச்சிக்கும் காளானுக்கும் விட்டுவிடுவது என்று, சிங்களக் கிராமமும் தோட்டத்து லயவீடுகளும் சேர்ந்த காட்டுச் சங்கத்தில் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. எதிரே மூங்கில் பெஞ்சில் சங்கத் தலைவி குசுமா. "ஐயோ, பழக்கதோசம்ங்க நோனா," என்று இராஜம் பதறிக் கொப்பைக் கீழே போடுகிறாள். குசுமா சிரித்தபடி நகர்ந்து இடம் விடுகிறாள். "வாடிவென்ன, அக்கே," என்று சிங்களத்தில் உட்காரச் சொல்கிறாள். இராஜம் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறாள். பச்சைக்கு மேல் பச்சை, அதற்கும் மேலே கூவுகிற ஒரு பறவை. தலைச்சுமையோடு நடந்த காலமெல்லாம் இந்தக் காட்டுக்கு உச்சி இருப்பதே அவளுக்குத் தெரிந்ததில்லை. "நீங்க நல்லா இருக்கணுங்க," என்கிறாள். குசுமாவைச் சொல்கிறாளா, மரத்தைச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.