அப்பா கண்டுபிடித்த குற்றவாளிகள்

பழைய நீதிமன்றத் தொடரை அம்மாவோடு மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள் வக்கீல் மகள். அன்று அவள் வாதாடிய வழக்கு தோற்றிருந்தது.

“அப்பா இருந்தப்போ முதல் காட்சியிலேயே குற்றவாளி யாருன்னு சொல்லிடுவாரே! அதைப் பார்த்துதான் வக்கீலுக்கே படிச்சேன். அந்த மூளை எனக்கு இல்லம்மா.”

“அவருக்கும் இல்லடி” என்றாள் அம்மா. “நான் டைப் அடிச்ச கம்பெனிதான் இந்தத் தொடரை எடுத்தது. வசனம் மொத்தமும் நான்தான் அடிச்சேன். யாருன்னு முன்னாடியே அவர் காதுல போட்டுடுவேன்.”

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். “ஏம்மா?”

“அப்போ அவர் வேலை போய் வீட்டோட இருந்தார். அவர் சொன்னது பலிச்சதும் ‘எங்கப்பா!’ன்னு நீ துள்ளிக் குதிப்பே. வாரத்துல இந்தத் தொடர் வர்ற அன்னைக்கு ஒருநாள்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார்.”