பரங்கிக்காய்க்குள் என் குரல்

ஆறரை மணிக்கு என் வலது கை செத்துப்போனது.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, வைக்கோல் பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். தலையில் உருளைக்கிழங்குச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மடியில் மிட்டாய்க் கிண்ணம்.

எங்கள் ஊரில் ஹாலோவீன் அன்று ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதும். பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய்க்கு வருவார்கள். எட்டு மணிக்கு மறுபடி ஊதும். வாசல் விளக்குகள் அணையும். அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூடத் தெருவில் இருக்காது.

ஹாலோவீனுக்கு முன் மூன்று வாரம் நிஜமான பொம்மையை அந்த நாற்காலியில் கட்டி வைத்திருப்பேன். பிள்ளைகளுக்கு அது பழகிவிடும். அன்றைக்கு மட்டும் பொம்மையை எடுத்துவிட்டு நான் உட்காருவேன். மிட்டாய்க்கு நீளும் கையை லபக்கென்று பிடிப்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் நடக்கிறது. மீசை முளைத்த பையன்களே கால்சட்டையை நனைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

பொம்மை மாதிரியே இருக்க வேண்டும் என்று இடது கையைச் சட்டைக்குள் மடக்கி, நாற்காலியோடு சேர்த்துக் கயிறு சுற்றச் சொல்லியிருந்தேன். முடிச்சு வலது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

முதல் கூட்டம் வந்தது. பிடிக்கப் போனேன். கை எழவில்லை.

மரத்துவிட்டது என்று நினைத்தேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நாக்கு ஈரத்துணி போலக் கிடந்தது. அப்போதுதான் புரிந்தது. என் அப்பாவும் இப்படித்தான் விழுந்தார்.

பயந்தேன். இந்த நாற்காலியிலேயே சாகப் போகிறேன் என்று பயந்தேன்.

"காப்பாத்துங்க... யாராவது வாங்க..."

கத்தியது நான்தான். ஆனால் படிக்கட்டில் அலங்காரத்துக்குக் குடைந்து வைத்திருந்த பரங்கிக்காய்க்குள்ளிருந்து. ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் நின்று பதிவு செய்த குரல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அலறும்படி ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருந்தேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் என் இடது முழங்காலில் எத்தினான். "வெறும் வைக்கோல்டா."

அந்தக் கால் அசைந்தது. அசைத்தேன், தரையில் தட்டினேன், உதைத்தேன்.

"ஆளுதான்டா, ஆளுதான்" என்று குதூகலமாக அலறிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்களையும் கூட்டிவந்து காட்டினார்கள். உதைக்க உதைக்கக் கூட்டம் சேர்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எனக்கு அது எத்திவிட்டும் போனது.

எதிர் வீட்டு மார்ஜரி தன் வாசலிலிருந்து கையசைத்தாள். "இந்த வருஷம் குரல் அசலா இருக்கு வெண்டல். எனக்கே குலை நடுங்குது."

என் மனைவி லவோன் உள்ளேதான் இருந்தாள், சமையலறையில். ஆனால் அவள் வரமாட்டாள். வருடா வருடம் எட்டு மணிச் சங்குக்குப் பிறகு கிண்ணத்தை எடுக்க வருவாள், அவள்மேலும் பாய்வேன். போன வருடம் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இன்று கயிறு கட்டும்போதே சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு, நீ தலைகீழா நின்னாலும் நான் வெளிய எட்டிப் பாக்க மாட்டேன். சங்கு ஊதினதும் மேல போய்த் தாப்பாப் போட்டுப் படுத்துருவேன். நீயா அவுத்துக்கிட்டு வந்து சேரு."

எட்டு மணிவரைதான் எனக்கு நேரம் இருந்தது.

கடைசியாக ஹேட்டி வந்தாள். மூன்றாவது வீட்டுக் குழந்தை, நாலு வயது. குளிர்ச் சட்டைக்கு மேல் தேனீ வேஷம். போன வருடம் என்னைப் பார்த்து நடைபாதையிலேயே அழுது திரும்பிவிட்டாள். இந்தத் தடவை அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"காப்பாத்துங்க... யாராவது வாங்க..."

அவள் கையை உதறினாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. பரங்கிக்காய் முன்னால் மண்டியிட்டு மூடியைத் திறந்தாள்.

"இதோ வந்துட்டேன். அழாதீங்க" என்றாள்.

உள்ளே கை விட்டு அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தட்டிக்கொடுத்தாள். எந்தப் பொத்தானில் விரல் பட்டதோ, குரல் நின்றுவிட்டது.

"ஐயோ, இந்தத் தாத்தா கொன்னுடுவாரு, வாடி" என்று அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெட்டியும் அவளோடு போனது.

அதுவரை எனக்காக அதுவாவது கத்திக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. அன்று நான் மிகவும் பயந்தது அப்போதுதான்.

சங்கு ஊதியது. மார்ஜரி விளக்கை அணைத்தாள்.

உள்ளே மாடிப்படியில் லவோனின் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழாவது படியில் நின்றது.

பிறகு இறங்கியது.

வலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். திறக்கவில்லை.

"வெண்டல், சங்கு ஊதறதுக்கு முன்னாடியே ஏன் நிறுத்தின? நீ நிறுத்தற ஆளு இல்லையே."

காலைத் தட்டினேன்.

"நடிக்காத" என்றாள். கதவு திறந்தது.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இதை இடது கை ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பேச்சு இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெட்டியை ஹேட்டியின் அம்மா மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சனியன் பிடித்த சத்தத்தை நிறுத்து என்று நான் அதைப் பதிவு செய்த வாரம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தவள் லவோன். இப்போது சில மாலைகளில், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சமையலறையில் அதைத் தணிவாகப் போடுகிறாள்.

"காப்பாத்துங்க... யாராவது வாங்க..."

பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பதில் சொல்வது கேட்கிறது.

"வர்றேன். இதோ வந்துட்டேன்."