மணலில் ஐந்து நிழல்

வீட்டில் மீனும் உயிர்ப்பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குக் கடனில் வாங்கிய எல்.இ.டி. விளக்குக்காக முஃப்லிஹ், கடைக்காரர் அபூ ராத்திபுக்கு நூற்று நாற்பது தினார் தர வேண்டியிருந்தது. பழைய டியூப் லைட்டில் வெளுத்துப்போன பவளம் இப்போதுதான் நிறம் பிடித்திருந்தது. விளக்கு போனால் அது செத்துவிடும்.

மதியம் அபூ ராத்திப் வந்தார். கொடுத்த காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தார். வந்த காரியம் முடியாமல் குடிக்க மாட்டார் என்று அர்த்தம்.

"பணத்தை வை, இல்லேன்னா விளக்கைக் கழட்டுறேன். துறைமுகத்துல மூட்டை தூக்குறவனுக்கு வீட்டுக்குள்ள எதுக்குடா கடலு?"

"சம்பளம் வரட்டும், அபூ ராத்திப். இந்தத் தொட்டி மணலைப் பாருங்க, எனக்குத் தூக்கமே இல்ல. டியூப்ல நிழலே தெரியாது. இதுல தெரியுது. மீன் நாலுதான்."

அபூ ராத்திப் எண்ணினார். ஐந்து நிழல்கள்.

"புது விளக்குன்னா அப்படித்தான்" என்று சிரித்து, கழற்றக் கை நீட்டினார். கையின் நிழல் மணலில் விழுந்தது. மீன்கள் நான்கும் பாறைக்குள் ஓடின. மிச்சமிருந்த நிழல் மட்டும் நிதானமாக வந்து, கைநிழலின் சுண்டுவிரலைக் கவ்வியது.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஐந்து விரலும் இருந்தன. ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பாக்கி தீந்துச்சுடா. விளக்கை நீயே வச்சுக்கோ."

கோப்பையை நீட்டினார். வாசல் வெயிலில், சுவரில் விழுந்த அவர் கைநிழலில் நான்கு விரல்களே இருந்தன.