பிரமுகர் சுவர்

“செத்துட்டாருங்க!”

“அட, சாகலைம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“படத்துக்குக் கீழே செத்த வருஷமே போட்டிருக்கே!”

“அதைத்தானே அடிச்சுடச் சொல்றேன்!”

பெல்மோர் நகர மண்டபத்தில் ஊர்ப் பிரமுகர்களின் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லட்சம் பேர் வாழும் ஊர். நூறு வருஷத்தில் பேர் சொல்லும்படி தேறியவர்கள் எட்டே பேர். அதில் ஒருவர் எல்மர் ஹாகன், அக்கார்டியன் மேதை. அவரைப் போய் இந்தக் கிழவர் வம்புக்கு இழுக்கிறார்.

“மேதையாவது! வாசிக்க வந்ததே மூணு பாட்டு,” என்றார் கிழவர். “அதுலயும் ரெண்டு ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஆள் உயிரோடதான் இருக்கார்.”

“இருந்தா இன்னிக்கே படத்தைக் கழட்டிடுவோம்.”

“ஏன்?”

“செத்தவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சுவர். உயிரோட இருந்த மேயர் ஒருத்தரை மாட்டினோம். அடுத்த மாசமே ஜெயிலுக்குப் போயிட்டார். அன்னிலேர்ந்து இதுதான் சட்டம்.”

கிழவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுருட்டை முடி, இளஞ்சிரிப்பு, மடியில் அக்கார்டியன். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்துட்டார்,” என்றார்.

ஒருவழியாக வழிக்கு வந்தாரே என்று வெர்னா அவருக்குக் காப்பி ஊற்றினாள். காரை நிறுத்திவிட்டு வந்த அவர் மனைவி வாசலிலிருந்தே கத்தினாள்:

“என்ன எல்மர், நீ உயிரோட இருக்கேன்னு ஒத்துக்கிட்டாங்களா?”