பூட்டுப் போட்ட பக்கம்

பொன்மலை கோயில் பாடகர் குழுவுக்காக டோமினிக் அண்ணன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஃபேஸ்புக் மாதிரி சின்னதாக ஒன்று நடத்தினார். மொத்தம் நாற்பத்தொரு பேர். அந்தக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் யாருக்கும் பக்கம் திறக்கும். "பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுட்டா நான்கூடப் பார்க்க முடியாதும்மா" என்றார், குழுவில் பாடும் லின்சியிடம்.

அதை நம்பித்தான், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை லின்சி எழுதி வைத்தாள். அம்மா இறந்த அன்று தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டபோது, அவள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். அடியில் 'பார்த்தவர்கள்: 1' என்று இருந்தது. அது அவள்தான்.

டோமினிக்கை அடக்கம் செய்த மறுநாள், கம்ப்யூட்டர் யார் கைக்குப் போகுமோ என்று பயந்து அவர் வீட்டுக்குப் போனாள். வயரைச் சுருட்டி அதன்மேலேயே வைத்திருந்தார்கள். "அவர் போன அன்னிக்கே பிடுங்கிட்டேம்மா" என்றார் அவர் மனைவி.

திரும்பும்போது பஸ்ஸில் போனைத் திறந்தாள். பக்கம் வந்தது. பார்த்தவர்கள்: 3.

கீழே டோமினிக் எழுதியிருந்தார்: "மன்னிச்சுக்கம்மா. உங்கம்மா கேட்டாங்க, காட்டிட்டேன்."